நெருக்கடிக் காலத்தில் அரசியல் விழா: எளிமையின் அளவுகோல்

மக்கள் வேலையிழந்தும் விலையேற்றத்தால் வாடியும் நிற்கும் காலத்தில், ஆட்சியாளர்கள் தம் பதவியேற்பையோ நாட்டின் விடுதலை நாளையோ பெரும் பொருட்செலவில் கொண்டாடுவது தகுமா என்னும் வினா, ஒவ்வொரு பொருளியல் நெருக்கடியின்போதும் எழுப்பப்பட்டு, பெரும்பாலும் இரண்டு விடைகளுக்கு இடையே சிக்கி நின்றுவிடுகிறது. விழாவுக்கு ஆகும் பணத்தைப் பசித்தவர்க்குக் கொடுத்தால் என்ன என்று ஒரு சாரார் கேட்கின்றனர். துவண்டு கிடக்கும் மக்களுக்கு நம்பிக்கையூட்டவும் நாட்டின் மதிப்பைக் காக்கவும் விழா வேண்டும் என்று மறுசாரார் வாதிடுகின்றனர். இரண்டிலும் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் இரண்டுமே விழாவை ஒரு செலவுக் கணக்காக மட்டும் எடுத்துக்கொள்வதால், அக்கணக்கில் அடங்காத ஒன்றைத் தவறவிடுகின்றன. ஆள்வோர்க்கும் ஆளப்படுவோர்க்கும் இடையிலுள்ள உறவு எத்தகையது என்பதை அனைவர் கண்முன்னும் நிகழ்த்திக் காட்டுவதே அரசியல் விழா. ஆகவே அதன் எளிமை, செலவான தொகையைக் கொண்டு மட்டும் அளக்கத்தக்கதன்று.

இவ்வுரை முன்வைக்கும் அளவுகோல் மூன்று கேள்விகளால் ஆனது. விழா நடக்கும் அதே வேளையில், குடிமக்களுக்குச் சேரவேண்டிய ஏதேனும் ஒன்று பணமில்லை என்று கூறி நிறுத்தப்படுகிறதா என்பது முதற்கேள்வி. செலவை ஏற்பவர் யார், அதற்கு ஈடாக அவர் பெறுவது என்ன என்பது இரண்டாவது. விழாக்களத்தில் யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை என்பது மூன்றாவது. 1877-இன் தில்லி, இருபதாம் நூற்றாண்டிலும் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலுமான வாஷிங்டன், 2023-இன் கொழும்பு ஆகிய மூன்று நகரங்களின் பட்டறிவைக் கொண்டு இக்கேள்விகள் இங்கே ஆராயப்படுகின்றன.

விழாவின் கருவும் புறவுறையும்

எந்த அரசியல் விழாவையும் இரு கூறுகளாகப் பிரித்துப் பார்க்கலாம். சட்டமோ மரபோ இன்றியமையாததாக விதிக்கும் செயலை விழாவின் கரு என்றும், அதைச் சூழ்ந்து வளரும் அணிவகுப்பு, விருந்து, நடனம், வாணவேடிக்கை, அலங்கார வளைவு முதலானவற்றைப் புறவுறை என்றும் கொள்ளலாம். அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் பதவியேற்பில் கரு என்பது, அந்நாட்டு அரசமைப்புச் சட்டம் வகுத்துத் தந்துள்ள, ஆங்கிலத்தில் 35 சொற்களே கொண்ட உறுதிமொழிதான். 1923 ஆகஸ்டில் வாரன் ஹார்டிங் திடீரென மறைந்தபோது, துணைத் தலைவராக இருந்த கால்வின் கூலிட்ஜ், வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் இருந்த தம் தந்தையின் வீட்டில், நள்ளிரவு கடந்த வேளையில், மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில், சான்றுறுதி அலுவலராக இருந்த தந்தையின் முன்னிலையிலேயே அவ்வுறுதிமொழியை எடுத்துக்கொண்டார். அங்கே அணிவகுப்பு இல்லை, இசைக்குழு இல்லை, விருந்தும் இல்லை. ஆயினும் அன்று அவர் பெற்ற அதிகாரம், பேரணிகளுக்கு நடுவே பதவியேற்ற எவருடைய அதிகாரத்தினும் குறைந்ததன்று.

புறவுறை பின்னாளில் வந்து சேர்ந்தது. பதவியேற்பு நாளின் இரவில் நடத்தப்படும் நடன விருந்து, 1809-இல் ஜேம்ஸ் மேடிசன் பதவியேற்றபோது நுழைவுச்சீட்டு நான்கு டாலர் வீதம் விற்கப்பட்டு முதன்முதலாக நடைபெற்று, காலப்போக்கில் மரபாகவே நிலைபெற்றது. கரு செலவற்றது, புறவுறையே செலவுடையது என்னும் இவ்வேறுபாடு தெளிவாகிவிட்டால், விழாவையே கைவிடுவதா, வழக்கம்போல் நடத்துவதா என்ற இருமுனைத் திணறல் தேவையற்றதாகிவிடும். நெருக்கடிக் காலத்தில் சுருங்க வேண்டியது புறவுறை. கருவோ மேலும் பலர் காணுமாறு விரிய வேண்டியது.

தில்லி, 1877: பஞ்சத்தின் நடுவே பேரவை

இக்கேள்வியின் மிகக் கொடிய முன்னுதாரணம் தமிழகத்தோடு நேரடித் தொடர்புடையது. 1876-இல் பிரித்தானிய நாடாளுமன்றம் இயற்றிய அரச பட்டங்கள் சட்டத்தைத் தொடர்ந்து, விக்டோரியா அரசி இந்தியப் பேரரசி என்னும் பட்டம் ஏற்றதை அறிவிப்பதற்காக, வைசிராய் லிட்டன் பிரபு 1877 ஜனவரி முதல் நாளன்று தில்லியில் ஒரு பெரும் பேரவையைக் கூட்டினார். சிற்றரசர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர் தத்தம் பரிவாரங்களோடு வரவழைக்கப்பட்டனர். கூடாரங்களாலான தனி நகரமே எழுப்பப்பட்டது. பதாகைகளும் பதக்கங்களும் பீரங்கி முழக்கங்களுமாக விழா பல நாள் நீடித்தது. விருந்தினரும் பரிவாரத்தாருமாகக் கூடியோர் தொகை பல்லாயிரக்கணக்கானது.

அதே நாட்களில் சென்னை மாகாணம், மக்கள் இன்றும் தாது வருடப் பஞ்சம் என்று நினைவுகூரும் 1876–78 பெரும் பஞ்சத்தின் பிடியில் இருந்தது. பருவமழை பொய்த்துத் தானிய விலை ஏறியபோது, வாங்கும் வலிமை இழந்த உழவுக்கூலிகளும் நெசவாளரும் ஊரைவிட்டு வெளியேறிச் சாலையோரங்களில் மடிந்தனர். தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் பரவிய அப்பஞ்சத்தில் இறந்தோர் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என மதிப்பிடப்படுகிறது. இத்தகைய வேளையில், மாகாணத்தின் ஆளுநரான பக்கிங்காம் கோமகனும் தில்லிப் பேரவைக்குச் செல்ல வேண்டியதாயிற்று.

பேரவை முடிந்த அதே ஜனவரியில், பஞ்ச நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்தும் பொறுப்போடு சர் ரிச்சர்டு டெம்பிள் சென்னைக்கு அனுப்பப்பட்டார். நிவாரணப் பணி என்பது, சாலை போடுதல், கால்வாய் வெட்டுதல் போன்ற கடும் உழைப்புக்கு ஈடாக அரசு உயிர்ப்பிடிப்புக்கான கூலி தரும் ஏற்பாடாகும். வளர்ந்த ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியத்தின் விலையும் அதன்மேல் ஓரணாவும் போதும் என்று டெம்பிள் அக்கூலியைக் குறைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ், நாள் முழுதும் மண் சுமப்பவனின் உடலை அவ்வளவு தானியம் தாங்காது என்று எழுத்து மூலம் தொடர்ந்து மறுத்துரைத்தார். அம்மறுப்பும் பஞ்சத்தின் போக்கும் சேர்ந்து அழுத்தியபின், சில மாதங்கள் கழித்தே கூலி திருத்தப்பட்டது. சென்னையின் பக்கிங்காம் கால்வாய்க்கு அந்த ஆளுநரின் பெயர் இடப்பட்டிருப்பதும், அதன் ஒரு பகுதி பஞ்ச நிவாரணப் பணியாளர்களின் கைகளால் வெட்டப்பட்டதும், இவ்வரலாறு எவ்வளவு அண்மையில் கிடக்கிறது என்பதை உணர்த்தும்.

இங்கே அறம் பிழைத்த இடத்தைத் துல்லியமாகச் சுட்ட வேண்டும். பேரவைக்கான பணம் முழுவதும் தானியமாக மாறியிருந்தால் பஞ்சம் நீங்கியிருக்கும் என்று கூற இயலாது. தானிய வணிகத்தில் தலையிடுவதில்லை என்ற அரசின் கொள்கையே பெருங்கேடு விளைத்தது. ஆனால் ஓரணா கூடுதலா குறைவா என்று கூலியை எண்ணிக் கணக்கிட்ட அதே ஆட்சி, பட்டம் அறிவிக்கும் விழாவில் அத்தகைய கணக்கைப் பார்க்கவில்லை. ஒரே கருவூலம் ஒருபுறம் இறுகியும் மறுபுறம் தளர்ந்தும் இருந்தது என்பதே தில்லிப் பேரவை மீதான தீராத குற்றச்சாட்டு. இவ்வுரையின் முதற்கேள்வி இதிலிருந்தே பிறக்கிறது.

வாஷிங்டன்: எளிமையின் நான்கு வடிவங்கள்

அமெரிக்காவின் பதவியேற்பு வரலாறு, எளிமை என்ற பெயரால் வழங்குபவை எல்லாம் ஒரே தன்மையன அல்ல என்பதைக் காட்டும். முதல் உலகப் போரைத் தொடர்ந்து வந்த கடும் பொருளியல் சரிவின்போது, 1921-இல் பதவியேற்ற ஹார்டிங், சிக்கனம் கருதிப் பகட்டான விழா வேண்டாம் என்றார். அதிகாரமுறை நடன விருந்தும் கைவிடப்பட்டது. ஆனால் விருந்து நடக்காமல் இல்லை. பதவியேற்புக் குழுவின் தலைவரும் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் உரிமையாளருமான எட்வர்டு மெக்லீனின் மாளிகையில் அது தனியார் விருந்தாக நடைபெற்றது. சீட்டு வாங்கிய எவரும் நுழையக்கூடிய அரங்கிலிருந்து, அழைப்புப் பெற்ற செல்வர் மட்டும் நுழையக்கூடிய மாளிகைக்குக் கொண்டாட்டம் இடம்பெயர்ந்தது. கருவூலத்துக்குச் செலவு மிச்சமாயிற்று. பொதுமக்களுக்கோ வாயில் அடைபட்டது. எளிமை என்பது பொதுவிலிருந்து விலக்குவதன்று என்பதற்கு இஃது எதிர்மறைச் சான்று.

1933 மார்ச் 4 அன்று பிராங்கிளின் ரூஸ்வெல்ட் முதன்முறை பதவியேற்றபோது, உழைப்பாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வேலையின்றி இருந்தார். பெரும்பாலான மாநிலங்களில் வங்கிகள் மூடப்பட்டோ கட்டுப்படுத்தப்பட்டோ இருந்தன. விழாவுக்கு வெளியூர்களிலிருந்து வந்தவர்களின் காசோலைகளை வாஷிங்டனின் தங்கும் விடுதிகள் ஏற்க மறுக்கும் நிலை உருவாகியிருந்தது. எனினும் அணிவகுப்பும் நடன விருந்தும் அன்று நிறுத்தப்படவில்லை. விருந்து அறநிதி திரட்டும் நிகழ்ச்சியாக நடத்தப்பட்டது. ரூஸ்வெல்ட் அதற்குச் செல்லவில்லை. அவருடைய துணைவியார் எலினோர் சென்றார். அன்று மாலையே நீதியரசர் கார்டோசோ வெள்ளை மாளிகையில் அமைச்சர்கள் அனைவருக்கும் ஒருசேர உறுதிமொழி செய்துவைத்தார். இரண்டு நாள் கழித்து நாடெங்கும் வங்கி விடுமுறை அறிவிக்கப்பட்டது. மார்ச் 9 அன்று அவசர வங்கிச் சட்டம் நிறைவேறியது. வங்கி விடுமுறை என்பது, பணத்தை எடுக்க முண்டியடிக்கும் பீதியைத் தணித்து, வலுவான வங்கிகளைப் பிரித்தறிந்து மீண்டும் திறப்பதற்காக, எல்லா வங்கிகளையும் சில நாள் மூடிவைக்கும் ஏற்பாடு. விழா நடந்தது பற்றி அந்நாளில் பெருங்குறை எழாமல் போனதற்குக் காரணம், ஆட்சியின் கவனம் விழாவில் இல்லை, வேலையில் இருக்கிறது என்பது மக்களுக்குத் தெரிந்திருந்ததே.

அதே ரூஸ்வெல்ட் 1945 ஜனவரி 20 அன்று நான்காம் முறையாகப் பதவியேற்றபோது நாடு போரில் இருந்தது. பெட்ரோலும் மரமும் பங்கீட்டிலோ தட்டுப்பாட்டிலோ இருந்தன. அவர் நாடாளுமன்ற வளாகத்துக்குச் செல்லாமல், வெள்ளை மாளிகையின் தெற்கு முகப்பில் நின்று உறுதிமொழி ஏற்றார். அணிவகுப்பு இல்லை. நாடாளுமன்றம் ஒதுக்கிய 25,000 டாலருக்குப் பதிலாக 2,000 டாலருக்குள் விழாவை முடித்துவிட முடியும் என்று அவர் கூறியிருந்தார். சில நிமிடங்களே நீடித்த உரைக்குப் பின் விருந்தினருக்குக் கோழிக்கறிக் கலவையும், வெண்ணெய் தடவாத ரொட்டியும், மேற்பூச்சு இல்லாத கேக்கும், காப்பியும் பரிமாறப்பட்டன. வெண்ணெய் பங்கீட்டில் கிடைக்கும் காலத்தில், வீட்டில் வெண்ணெய் இல்லாத குடிமகனின் தட்டும் ஆட்சியாளரின் தட்டும் ஒத்திருந்தன. பகிர்ந்துகொள்ளப்பட்ட குறைவு என்பது இதுவே. எளிமையின் மிக உயர்ந்த வடிவமாக இதனைக் கொள்வதில் தடையில்லை.

2009 ஜனவரி 20 அன்று பராக் ஒபாமா பதவியேற்றபோது நிலைமை சிக்கலானது. லேமன் பிரதர்ஸ் நிறுவனம் 2008 செப்டம்பரில் வீழ்ந்ததைத் தொடர்ந்த நெருக்கடியில் வேலையின்மை 8 விழுக்காட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆயினும் முதல் ஆப்பிரிக்க-அமெரிக்கக் குடியரசுத் தலைவரைக் காண ஏறத்தாழ 18 இலட்சம் மக்கள் திரண்டனர் என மதிப்பிடப்பட்டது. தேசிய வெளித்திடல் முழுவதும் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கடுங்குளிரில் மணிக்கணக்கில் காத்து நின்ற அம்மக்களிடம், சிக்கனம் கருதி வீட்டிலேயே இருங்கள் என்று கூறுவது அறமாக இருந்திருக்காது. பாதுகாப்பு, போக்குவரத்து முதலியவற்றின் செலவைப் பொதுப்பணம் ஏற்றது. கொண்டாட்டச் செலவுக்குப் பதவியேற்புக் குழு 5 கோடி டாலருக்கும் மேல் நன்கொடை திரட்டியது. நிறுவனங்களிடமும் பதிவுபெற்ற பரப்புரையாளர்களிடமும் பணம் பெறுவதில்லை, தனியாள் ஒருவரிடம் 50,000 டாலருக்கு மேல் வாங்குவதில்லை என்ற வரையறையும் அப்போது விதிக்கப்பட்டது. தலைநகரவாசிகளுக்கென இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சீட்டு வழங்கிய ஒரு நடன விருந்தும் நடந்தது.

இங்கே இரண்டாம் கேள்வி தலைதூக்குகிறது. கருவூலத்திலிருந்து ஒரு காசும் எடுக்கவில்லை என்பது பல அரசுகள் விரும்பிச் சொல்லும் விடை. ஆனால் ஆட்சி தொடங்கும் நாளிலேயே ஆட்சிக்குப் பெருநன்கொடை தருபவர், பின்னாளில் ஆட்சியின் கதவைத் தட்டும்போது வெறுங்கையோடு வந்தவராக நடத்தப்படுவாரா என்பது ஐயத்துக்குரியது. 2009-இன் வரையறைகள் 2013-இலேயே தளர்த்தப்பட்டு நிறுவனங்களின் பணம் ஏற்கப்பட்டதும், 2017-இல் பதவியேற்பு நன்கொடை 10 கோடி டாலரைத் தாண்டியதும், தற்கட்டுப்பாடாக மட்டும் இருக்கும் எளிமை எவ்வளவு எளிதில் கரைந்துபோகும் என்பதை உணர்த்துகின்றன. பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்கச் சட்டமன்றம் உண்டு. தனியார் பணத்துக்கோ பெயர்ப்பட்டியல் வெளியீட்டைத் தவிர வேறு கடிவாளம் அரிது. ஆதலால் அளவாகச் செலவிடப்படும் பொதுப்பணமே, அளவின்றித் திரட்டப்படும் தனியார் பணத்தைவிட மக்களாட்சிக்குப் பாதுகாப்பானது.

கொழும்பு, 2023: திடலும் தேர்தலும்

இலங்கை 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். கொழும்பின் பணவீக்கம் அவ்வாண்டு செப்டம்பரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டைத் தொட்டது. ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 விழுக்காடு உயர்த்தப்பட்டது. காலிமுகத்திடலில் ஏப்ரலில் தொடங்கிய அறவழிப் போராட்டம் ஜூலையில் குடியரசுத் தலைவர் கோட்டாபய ராஜபக்சவின் பதவி விலகலில் முடிந்தது. அதே திடலில், ஏழு மாதங்களுக்குள், 2023 பெப்ரவரி 4 அன்று 75ஆவது விடுதலை நாள் விழா முப்படை அணிவகுப்போடு நடத்தப்பட்டது. ஏறத்தாழ 20 கோடி ரூபாய் அதற்கு ஒதுக்கப்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. கொழும்புப் பேராயர் கர்தினால் மால்கம் ரஞ்சித் உள்ளிட்டோர் அச்செலவைக் கண்டித்தனர். விழா நடத்தாவிட்டால் விடுதலை நாளைக்கூடக் கொண்டாட இயலாத நாடு என்று உலகம் சொல்லும் என்பது குடியரசுத் தலைவர் ரணில் விக்கிரமசிங்கவின் விளக்கத்தின் சாரம்.

அவ்விளக்கத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கடன் கொடுத்த நாடுகளோடும் பன்னாட்டு நாணய நிதியத்தோடும் பேசிக்கொண்டிருந்த ஓர் அரசுக்குத் தன் நிலைபேற்றைக் காட்டும் தேவை இருந்தது. ஆனால் 2023 மார்ச் 9 அன்று நடைபெறவிருந்த உள்ளாட்சித் தேர்தல், பணம் இல்லை என்ற காரணத்தால் நடத்தப்படாமற் போயிற்று. அத்தேர்தலுக்கு ஏறத்தாழ ஆயிரம் கோடி ரூபாய் தேவைப்படும் என்று கூறப்பட்டது. நேர்மையாகக் கணக்கிட்டால், விழாவின் 20 கோடி அதில் ஐம்பதில் ஒரு பங்கே. விழாவைக் கைவிட்டிருந்தாலும் அப்பணத்தால் தேர்தல் நடந்திருக்காது. ஆயினும் வாக்களிக்கும் உரிமைக்குப் பணமில்லை என்று கூறிய அரசிடம் அணிவகுப்புக்குப் பணம் இருந்தது என்ற ஒப்பீட்டை மக்கள் தாமே செய்துகொண்டனர். அது பொய்யான ஒப்பீடு அன்று. விடுதலை என்பதன் உள்ளடக்கமே தம்மை ஆள்வோரைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமையாக இருக்கும்போது, அவ்வுரிமையை ஒத்திவைத்துவிட்டு விடுதலையின் ஆண்டு நிறைவைக் கொண்டாடுவது, கருவை நீக்கிப் புறவுறையைக் காப்பதாகும். அத்தேர்தலை நடத்தாமை குடிமக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே மாதத்தில்தான் நடைபெற்றது.

மூன்றாம் கேள்வியும் கொழும்பில் கூர்மை பெறுகிறது. வடக்கிலும் கிழக்கிலும் வாழும் தமிழர்களில் பலர் பெப்ரவரி 4-ஐத் தமக்குரிய விடுதலை நாளாக ஏற்காமல் கரிநாளாகக் கடைப்பிடித்து வருகின்றனர். 2023-இலும் யாழ்ப்பாணத்திலிருந்து கிழக்கு நோக்கி மாணவர் பேரணி ஒன்று அந்நாளில் புறப்பட்டது. 2016-இல், பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, தேசிய விழாவில் நாட்டுப்பண் தமிழிலும் பாடப்பட்டது; 2020-இல் அது விலக்கப்பட்டது. தமிழில் ஒரு முறை பாடுவதற்கு அரசுக்குக் கூடுதலாக ஒரு ரூபாயும் ஆகாது. அதைப் பாடியதால் பெற்றதும் விலக்கியதால் இழந்ததும் எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் இடம்பெறாதவை. விழாவின் மிகச் சிறந்த கூறுகள் பெரும்பாலும் செலவற்றவை என்பதற்கும், மக்களுள் ஒரு பகுதியினரை வெளியே நிறுத்திவிட்டால் எத்தனை கோடி செலவிட்டாலும் விழா முழுமை பெறாது என்பதற்கும் இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

மறுப்புகளும் விடைகளும்

இந்நிலைப்பாட்டுக்கு எதிராக இரண்டு வலுவான வாதங்கள் உண்டு. மந்தக் காலத்தில் அரசு செலவைக் குறைப்பது மந்தத்தை ஆழமாக்கும். பந்தல் போடுபவரும் பூக்கட்டுபவரும் ஒலிபெருக்கி வைப்பவரும் சமையற்காரரும் விழாவால் பிழைக்கின்றனர் என்பது ஒன்று. பொதுச்செலவு வேலைவாய்ப்பைத் தூண்டும் என்னும் பொருளியற் கொள்கை பொதுவாக ஏற்கத்தக்கதே. எனினும் வேலைவாய்ப்பே நோக்கமாயின், ஒரு நாளில் கலைந்துவிடும் விழாவினும் ஓராண்டு நீடிக்கும் ஏரி தூர்வாரலும் சாலைப் பணியும் அதை மேலும் நன்றாக நிறைவேற்றும். விழாவை நிவாரணமாக நியாயப்படுத்துவது, நிவாரணத்தை உரிய முறையில் வடிவமைக்கும் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும். தவிர, செலவிட வசதியுள்ள அரசுக்கு மட்டுமே இவ்வாதம் பொருந்தும்; கடனைத் திருப்ப இயலாத அரசுக்கு அது பொருந்தாது.

துன்பத்தில் உள்ளவர்க்கே விழா மிகவும் வேண்டும் என்பது மற்றொன்று. தன் வீட்டில் விளக்கேற்ற எண்ணெய் இல்லாதவனும் ஊர்த் தேருக்கு வடம் பிடிக்கிறான். ஏழைக்கு விழா வேண்டாம் என்று செல்வர் முடிவு செய்வது இரக்கமற்ற செயல். இவ்வாதத்தை முற்றாக ஏற்றே தீர வேண்டும். ஆனால் அது விழாவின் கருவுக்கும் மக்களின் பங்கேற்புக்கும் சார்பான வாதமேயன்றி, சிறப்பு விருந்தினர் மேடைக்கும் நட்சத்திர விடுதி விருந்துக்கும் சார்பான வாதமன்று. திடலைத் திறந்துவிடுவதற்கு ஆகும் செலவு வேறு. திடலைச் சுற்றி வேலியிட்டு, அதற்குள் சிலரை மட்டும் அமர்த்துவதற்கு ஆகும் செலவு வேறு. முன்னதைக் குறைப்பது பிழை, பின்னதைக் குறைப்பது கடமை.

எளிமைக்கும் ஓர் ஆபத்து உண்டு என்பதை இங்கே சேர்த்துக் கூற வேண்டும். பகட்டைப் போலவே எளிமையும் காட்சியாக மாறக்கூடும். அலங்கார வளைவுகளை நீக்கிவிட்டு, அடுத்த மாதமே பள்ளி மதிய உணவுக்கான ஒதுக்கீட்டைக் குறைக்கும் அரசு, விழாவைச் சுருக்கியதால் எந்த நற்பெயருக்கும் உரியதன்று. 1933-இன் வாஷிங்டன் விழாவைச் சுருக்காமலும் மக்கள் நம்பிக்கையைப் பெற்றது; விழாவை அடுத்து உடனே செயல் வந்ததே அதற்குக் காரணம். ஆதலின் விழாவின் எளிமை, ஆட்சியின் நேர்மைக்கு மாற்றாகாது. அதன் ஒரு சிறு அடையாளமாகவே அமைய முடியும்.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து நடைமுறைக்குரிய நெறிகள் சில பெறப்படுகின்றன. சம்பளமோ ஓய்வூதியமோ பங்கீட்டு உணவோ தேர்தலோ பணமில்லை என்ற காரணத்தால் நிறுத்தப்பட்டுள்ள காலத்தில், சட்டம் கட்டாயமாக்காத எந்த விழாச் செலவையும் அரசு மேற்கொள்ளலாகாது. விழாவின் மொத்தச் செலவு, பாதுகாப்பு உட்பட, முன்கூட்டியே மதிப்பிடப்பட்டுச் சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். தனியார் நன்கொடை ஏற்கப்படுமாயின், தனிமனிதரிடமிருந்து மட்டும், சிறு தொகையாக மட்டும், கொடுத்தவர் பெயர் வெளியாகும் வகையில் மட்டும், ஆட்சியாளரின் மனப்போக்கால் மாற்ற இயலாத சட்டத்தின் கட்டுப்பாட்டில் ஏற்கப்பட வேண்டும். குறைக்க வேண்டிய நிலை வரும்போது மேடையிலிருப்போரின் வசதிகளே முதலில் குறைய வேண்டும். நிற்க வருவோரின் இடம் இறுதிவரை குறையலாகாது. நாட்டின் எல்லா மொழியினர்க்கும் சமயத்தார்க்கும் விழாவில் உரிய பங்கு தருவதைச் செலவு என்று எண்ணவே கூடாது.

நெருக்கடி என்பது ஓர் அரசு தன் மக்களிடம் பொறுமையைக் கேட்கும் காலம். கூடுதல் வரி கட்டுங்கள், குறைந்த கூலிக்கு உழையுங்கள், நல்ல நாள் வரும்வரை காத்திருங்கள் என்று அது கேட்கிறது. தான் சுமக்காத சுமையைப் பிறரைச் சுமக்கச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. அப்பொறுமையைக் கேட்கும் தகுதியை ஆட்சியாளர் பெறுவதற்குரிய வழிகளுள், விழா நாளில் தம்மைக் குறைத்துக்கொள்வது மிக எளிதான வழி. அந்த எளிதான சோதனையிலேயே தவறுபவர்கள், கடினமான சோதனைகளில் தேறுவார்கள் என்று நம்புவதற்கு மக்களுக்கு எந்தக் காரணமும் இல்லை.